தாத்தாக்கள் செத்துக்கொண்டே இருந்த பள்ளிக்கூடம்

ஒரு காட்டில், காடு முடிந்தும் நகரம் தொடங்காத ஓரத்தில், ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி இருந்தது. அந்த ஓரத்துக்கு ஷேர் ஆட்டோ வரும், தண்ணீர் லாரி வராது. மனைப்பிரிவுக் கல் நட்டிருக்கும், பக்கத்தில் வீடு இருக்காது. வீடுகள் கண்ணில் படாத அந்த இடத்திலிருந்து எப்படியோ இரண்டாயிரத்து நானூற்றுப் பதினேழு பிள்ளைகள் அந்தப் பள்ளியில் சேர்ந்திருந்தன. மான் பிள்ளை, முயல் பிள்ளை, நரிப் பிள்ளை, காட்டுப்பன்றிப் பிள்ளை எல்லாம் ஒரே வரிசையில் நின்று காலை வணக்கம் பாடும். பள்ளி நேரத்தில் யாரும் யாரையும் தின்னக் கூடாது என்பது முதல் விதி. பிள்ளைகள் அதைப் பெரும்பாலும் மதித்தன.

பள்ளியில் முப்பத்தாறு அறைகள். ஓர் அறைக்குப் பதினைந்து பெஞ்சு, ஒரு பெஞ்சுக்கு மூன்று பேர். ஆக, இடம் ஆயிரத்து அறுநூற்றிருபது பேருக்கு.

மற்ற வகுப்புகளை எப்படியோ அடக்கிவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்புதான் அடங்கவில்லை. சுற்றிலும் உள்ள சிறிய பள்ளிகள் எல்லாம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடும். அங்கே படித்தவை அத்தனையும் ஒன்பதாம் வகுப்புக்கு இங்கே வந்து நிற்கும். அ பிரிவு, ஆ பிரிவு என்று தொடங்கி, ஓ பிரிவு வரை பதினோரு பிரிவுகளுக்கு அறை கிடைத்தது. கடைசியாக வந்த எழுபத்திரண்டு பேரை ஔ பிரிவு என்று பெயர் வைத்துப் புங்க மரத்தடியில் உட்கார வைத்தார்கள்.

அந்த ஔ பிரிவின் ஆசிரியை தெய்வானை என்ற கீரி. கணக்கு டீச்சர். பக்கத்து ஓ பிரிவுக்கும் அதுதான் கணக்கு எடுக்கும். ஓ பிரிவில் பாதிக்கு மேல் தேறும். ஔ பிரிவில் பாதிக்கு மேல் தேறாது. காரணம் மூளை அல்ல, மழை. ஐப்பசி பிறந்ததும் மரத்தடி குளமாகிவிடும். ஆறு வாரம் பாடம் கிடையாது. இயற்கணிதம் பாதியில் நிற்கும். ஐந்து வருடங்களாக அந்தப் புங்க மரம் மட்டும்தான் இயற்கணிதத்தின் முதல் பாதியைத் தவறாமல் கேட்டிருந்தது.

"இன்னும் ஒரு மாசத்துல மழை வந்துடும், அம்மா. இந்த வருஷமும் என் பிள்ளைங்க ஃபெயிலாகணுமா?" என்று தெய்வானை தலைமையாசிரியையிடம் தினமும் கேட்டது.

தலைமையாசிரியை மரகதவல்லி ஒரு யானை. தன் அறையையும் ஆறாம் வகுப்புக்குக் கொடுத்துவிட்டு, சைக்கிள் ஷெட்டில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தது. இரண்டே இரண்டு அறை வேண்டும் என்று பதினோரு வருடமாக மனு எழுதிக்கொண்டிருந்தது. பொய் சொல்லாது. சத்துணவுக் கூடத்துச் சுவரில், 'பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது' என்று தன் தும்பிக்கையாலேயே பெயிண்ட் தொட்டு எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் பிள்ளைகள் தட்டை நீட்ட வேண்டும்.

இவ்வளவு பேர் எப்படி அந்தப் பள்ளியில் அடங்கினார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். அடங்கவில்லை. முறை வைத்துக்கொண்டார்கள்.

ஒவ்வோர் அறையிலும் பெயர்ப் பதிவேட்டில் ஏறக்குறைய அறுபத்தைந்து பேர். உட்கார இடமோ நாற்பத்தைந்து பேருக்கு. அதனால் தினமும் இருபது பேர் வீட்டில் இருக்க வேண்டும். இன்றைக்கு யார், நாளைக்கு யார் என்று வகுப்புத் தலைவர்கள் பட்டியல் போட்டுக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தார்கள். முறை வந்தவர் விடுப்புக் கடிதம் எழுதி அனுப்ப வேண்டும். காரணம் இல்லாமல் கடிதம் செல்லாது. ஒரு காலத்தில் காய்ச்சல் என்று எழுதினார்கள். தினம் எழுநூறு பேருக்குக் காய்ச்சல் என்றதும் சுகாதார நிலையத்திலிருந்து கொசு மருந்து அடிக்க வந்துவிட்டார்கள். கொசுப் பிள்ளைகளின் பெற்றோர் கடுமையாக ஆட்சேபித்தனர். அதிலிருந்து எல்லோரும், 'என் தாத்தா இறந்துவிட்டபடியால்' என்று எழுதத் தொடங்கினார்கள். தாத்தா இறந்தால் யாரும் மருந்து அடிக்க வர மாட்டார்கள்.

இந்த முறையில் அதிகம் நஷ்டப்பட்டது ஓ பிரிவைச் சேர்ந்த செண்பகா என்ற முள்ளம்பன்றி. செண்பகா வந்தால் அதன் பெஞ்சில் வேறு யாரும் உட்கார முடியாது. மூன்று பேர் இடத்தை ஒருத்தியே பிடித்துக்கொள்கிறாள் என்று வகுப்பே முணுமுணுத்தது. அதனால் அடுத்தவர் முறையையும் தானே எடுத்துக்கொண்டு, வாரத்தில் பாதி நாள் அது வீட்டில் இருந்தது. செண்பகாவுக்குக் கணக்கு என்றால் உயிர். ஜூன் முதல் செப்டம்பர் வரை அதன் தாத்தா நாற்பத்தொரு தடவை இறந்திருந்தார்.

இப்படி இருக்கையில், கல்வி அலுவலகத்திலிருந்து 'பள்ளி விவரக் குறிப்பு' என்று ஒரு படிவம் வந்தது. காகிதத்தில் அல்ல, டேப் என்னும் கைக்கணினியில். பள்ளியின் எழுத்தர் ஏகாம்பரம் என்ற உடும்பு அதைத் திறந்தது. ஏகாம்பரம் ஒரு காகிதத்தைப் பிடித்தால் விடாது. பதினேழு வருட விடுப்புக் கடிதங்களைக் கட்டுக் கட்டாகத் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தது.

"வகுப்பறையின் வகை கேக்குதும்மா. கான்கிரீட், ஓடு, ஓலை, திறந்தவெளி அரங்கு. இதுல ஒண்ணைத் தொடணும்."

"மரத்தடின்னு போடுங்க."

"மரத்தடி இல்லையே. இருக்கறதுல ஒண்ணைத் தொடாம அடுத்த பக்கம் போக மாட்டேங்குது."

கால் மணி நேரம் பார்த்துவிட்டு ஏகாம்பரம், 'திறந்தவெளி அரங்கு: ஒன்று' என்று தொட்டது. புங்க மரம் ஒரு நொடியில் அரங்கமாகிவிட்டது.

அடுத்த கட்டம், மாணவர் வருகை சதவீதம்.

"எழுபது" என்றது யானை. "உள்ளதை உள்ளபடி எழுதுங்க."

"போன வருஷமும் உள்ளதைத்தாம்மா எழுதினோம். பதில் ஞாபகம் இருக்கா?" ஏகாம்பரம் கடிதக் கட்டு ஒன்றிலிருந்து ஒரு காகிதத்தை உருவிப் படித்தது. "'தங்கள் பள்ளியில் வருகை எழுபது சதவீதமே உள்ளதாலும், தற்போதைய இருக்கைகள் எழுபது சதவீதத்துக்குப் போதுமானவையாக உள்ளதாலும், கூடுதல் அறைகள் தேவையில்லை எனத் தெரிவிக்கப்படுகிறது.'"

"இடம் இல்லாததாலதானே வருகை எழுபது!"

"அதை எழுத ஒரு கட்டம் இல்லையேம்மா."

யானை தும்பிக்கையால் நெற்றியைத் தடவிக்கொண்டது. வானத்தைப் பார்த்தது. தெற்கே ஒரு மேகம், நாய்க்குட்டி அளவில். மரத்தடியில் தெய்வானை, "இன்னும் வேகமா எழுதுங்கடா, மழை வருது!" என்று எழுபத்திரண்டு பேரை விரட்டிக்கொண்டிருந்தது.

"நூறுன்னு போட்டா என்ன ஆகும்?" என்று மெல்லக் கேட்டது யானை.

"நூறுன்னா சந்தேகப்படுவாங்க. தொண்ணூத்தெட்டுன்னா நம்புவாங்க. மிச்சம் ரெண்டு பேருக்கு நெஜமாவே காய்ச்சல்ங்கற மாதிரி இருக்கும்."

யானை கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டது. அன்று மதியம் அது சத்துணவுக் கூடத்துப் பக்கம் போகவில்லை. சாப்பிடவும் இல்லை. தானே எழுதிய சுவர் அல்லவா!

மூன்று வாரம் கழித்துத் தொலைபேசி அடித்தது. மாவட்டக் கல்வி அலுவலர் ரத்தினசபாபதி என்ற மயில்.

"மரகதவல்லி அம்மா! தொண்ணூத்தெட்டு! என் மாவட்டத்துல ஒரு புறநகர்ப் பள்ளி தொண்ணூத்தெட்டு! நான் உடனே கையெழுத்துப் போட்டு மேல அனுப்பிட்டேன். இயக்குநரும் போட்டு மேல அனுப்பிட்டார். நேத்து சிங்கம் ஐயா பொதுக்கூட்ட மேடையிலயே வாசிச்சுட்டார்மா! நாளைக்கு வருகைக் கேடயத்தோட வரேன். அஞ்சு நிமிஷம். ஒரு வகுப்பு, ஒரு போட்டோ, கிளம்பிடுவேன்."

யானையின் காது இரண்டும் தொங்கிப்போயின. ஆசிரியர்கள் சைக்கிள் ஷெட்டில் கூடினார்கள்.

"நாளைக்கு எல்லாரும் வந்தாகணும்" என்றது ஏகாம்பரம்.

"வந்தா எங்க உக்காருமாம்? உங்க வால்லயா?" என்று கேட்டது தெய்வானை.

"நிக்கட்டுமே. அஞ்சு நிமிஷம்தானே?"

"என் மரத்தடிப் பிள்ளைங்க?"

"அது மரத்தடி இல்லை டீச்சர், அரங்கு. அரங்குல வகுப்பு நடக்காது. உங்க எழுபத்திரண்டையும் ஓ பிரிவுக்குள்ள தள்ளிடுங்க."

அன்று மாலை எல்லா வகுப்புக் கதவிலும் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது: 'நாளை யாருடைய தாத்தாவும் இறக்கக் கூடாது. மீறினால் பெற்றோரை அழைத்துவர வேண்டும்.' சர்க்கரைப் பொங்கலும் உண்டு என்று கீழே சிறிய எழுத்தில் இருந்தது. அதைத்தான் எல்லோரும் முதலில் படித்தார்கள்.

மறுநாள் பள்ளி திறந்தபோது நடந்ததை அந்தக் காடு அதற்கு முன் பார்த்ததில்லை. வந்தன, வந்தன, வந்துகொண்டே இருந்தன. பள்ளியில் படிப்பதையே மறந்துபோயிருந்த பிள்ளைகளும் வந்தன. ஒரே வகுப்பில் நான்கு மாதம் படித்தும் ஒன்றையொன்று பார்த்திராத பிள்ளைகள், "நீயும் எங்க கிளாஸா?" என்று கட்டிக்கொண்டன. வேறு வழியும் இல்லை, கட்டிக்கொண்டால்தான் நிற்க இடம் இருந்தது. ஜன்னலில் குரங்குகள், மின்விசிறியில் வௌவால்கள், கரும்பலகையின் சட்டத்தில் ஓணான்கள். ஓ பிரிவில் மட்டும் நூற்று முப்பத்தேழு பேர்.

அந்த அறையில் ஒரே ஒரு பெஞ்சு காற்றோட்டமாக இருந்தது. நடுவில் செண்பகா உட்கார்ந்திருந்தது.

பதினோரு மணிக்கு மயில் வந்தது. தோகையைத் தூசி படாமல் தூக்கிக்கொண்டு, கேடயத்தை இடுக்கிக்கொண்டு, ஓ பிரிவின் வாசலில் கால் வைத்தது.

"வணக்கம், ஐயா!" என்று நூற்று முப்பத்தேழு பேரும் எழுந்தார்கள்.

தவறு அங்கேதான் நடந்தது. மூட்டையில் திணித்த பஞ்சை வெளியே எடுத்தால் மறுபடி உள்ளே போகுமா? எழுந்தவர்களால் திரும்ப உட்கார முடியவில்லை. எழுந்த வேகத்தில் கூட்டம் ஓர் அலைபோல வாசலுக்கு வந்து, மயிலைச் சுருட்டிக்கொண்டு, உள்ளே திரும்பியது. கதவு சாத்திக்கொண்டது. கேடயம் ஒரு காட்டுப்பன்றியின் தலைக்குப் போனது. மயில் தலைகளுக்கு மேலாகக் கை மாறிக் கை மாறி, இடம் இருந்த ஒரே இடத்தில் போய் உட்கார்ந்தது.

"ஆ!" என்றது மயில்.

"மன்னிச்சுக்குங்க சார். கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றது செண்பகா.

தள்ளி உட்கார முடியவில்லை. தோகை இறகுகள் மூன்று செண்பகாவின் முள்ளில் மாட்டிக்கொண்டிருந்தன.

"அஞ்சு நிமிஷத்துல நான் போகணும்!" என்று மயில் கத்தியது.

"மணி அடிச்சாத்தான் சார் கதவு திறக்கும். வெளியே முன்னூறு பேர் வராந்தாவுல சாஞ்சு நிக்கறாங்க" என்றது தெய்வானை, கரும்பலகைக்கும் ஓர் எருமைக்கன்றுக்கும் நடுவில் நின்றபடி. பிறகு, கிடைத்த நேரத்தை வீணாக்குவானேன் என்று, இயற்கணிதம் நடத்தத் தொடங்கியது.

அரை மணி நேரம் மயில் பாடம் கேட்டது. புரியவில்லை. செண்பகா மெல்ல விளக்கியது. கொஞ்சம் புரிந்தது. அப்போதுதான் மேசைமேல் கிடந்த ஒரு காகிதம் மயிலின் கண்ணில் பட்டது. செண்பகாவின் போன வாரத்து விடுப்புக் கடிதம்.

"'என் தாத்தா இறந்துவிட்டபடியால்...' அடடா, உன் தாத்தாவாம்மா?"

செண்பகா தலையைக் குனிந்துகொண்டது.

"எத்தனை வயசு இருக்கும்?"

அந்த நேரம் பார்த்து ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு கிழ முள்ளம்பன்றியின் முகம் தெரிந்தது. கையில் தூக்குச்சட்டி.

"ஏண்டி செண்பகா! சோத்தை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்ட? வாரத்துல பாதி நாள் பள்ளிக்கூடம் போகாம எல்லாம் மறந்துபோச்சா?"

"தாத்தா, போங்க! நான் பொங்கல் சாப்பிட்டுக்கறேன்!" என்று செண்பகா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது.

மயில் கடிதத்தைப் பார்த்தது. கிழவரைப் பார்த்தது.

"தாத்தா... நீங்க செத்துட்டீங்களா?"

"முறைப்படி செவ்வாய், வியாழன், வெள்ளி மட்டும் சாகறேன் தம்பி" என்றார் தாத்தா. "இன்னிக்குச் சாகக் கூடாதுன்னு நோட்டீஸ் போட்டிருக்காங்களாம். அதான் வெளியே வந்தேன்."

மின்விசிறி வௌவால் ஒன்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டது.

மணி அடித்தது. கூட்டம் வடிந்தது. சைக்கிள் ஷெட்டில் யானையின் முன்னால் மயில் வந்து நின்றது. தோகையில் மூன்று இறகு குறைவு. ஏகாம்பரம் கடிதக் கட்டை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் அதன்மேல் படுத்துக்கொண்டிருந்தது. தெய்வானை மழை மேகத்தைப் பார்த்தபடி நின்றது. மேகம் இப்போது எருமை அளவு.

யானை எழுந்தது.

"ஐயா, தொண்ணூத்தெட்டு பொய். நெஜம் எழுபதுதான். பொய் என்னோடது, கையெழுத்தும் என்னோடது. இவங்க யார் மேலயும் நடவடிக்கை வேண்டாம். என்னை மாத்திடுங்க."

வழக்கமான கதையாக இருந்தால் இங்கே மயில் கண்ணீர் விட்டு, யானையின் உண்மையைப் பாராட்டி, முதுகில் தட்டிக்கொடுத்திருக்கும். இந்த மயில் வியர்த்துப்போய் மேசையின் நுனியில் உட்கார்ந்தது.

"மெதுவாப் பேசுங்கம்மா! உங்களோடதுன்னு யார் சொன்னது? உங்ககிட்ட இருந்தவரைக்கும்தான் அது உங்களோடது. நான் கையெழுத்துப் போட்டதும் என்னோடது. இயக்குநர் போட்டதும் அவரோடது. இப்போ சிங்கம் மேடையில வாசிச்சாச்சு. சிங்கம் சொன்னது பொய்யாகுமா?"

"ஆகாதுங்க" என்றது ஏகாம்பரம், கட்டின் மேலிருந்து.

"ஆகாது. அப்போ எது மாறணும்?"

தெய்வானை மேகத்தை விட்டுவிட்டு மயில் பக்கம் திரும்பியது.

"பள்ளிக்கூடம்தான் மாறணும்!" மயில் ஒரு விடுப்புக் கடிதத்தைப் பிடுங்கித் திருப்பிப் போட்டு, தன் உதிர்ந்த இறகாலேயே கணக்குப் போட்டது. "ரெண்டாயிரத்து நானூத்திப் பதினேழுல தொண்ணூத்தெட்டு சதவீதம் எவ்வளவு?"

"ரெண்டாயிரத்து முன்னூத்தி அறுபத்தொன்பது" என்று ஷெட்டுக்கு வெளியிலிருந்து செண்பகா சொன்னது. முள்ளில் மாட்டிய மற்ற இரண்டு இறகுகளைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தது.

"இருக்கற இடம் ஆயிரத்து அறுநூத்தி இருபது. மீதி எழுநூத்தி நாப்பத்தொன்பது. ஒரு அறைக்கு நாப்பத்தஞ்சு..."

"பதினாறு அறை போட்டா இருபத்தொன்பது பேர் மிச்சம் சார். பதினேழு."

"பதினேழு அறை! அவசரம், ரகசியம்னு தலைப்புல போடுங்க. சிங்கம் அடுத்த மாசமே திடீர்னு பார்க்க வந்தா நம்ம கதி?"

யானை தும்பிக்கையால் அந்தக் காகிதத்தை இழுத்துப் பார்த்தது. "ஐயா, பதினோரு வருஷமா நான் ரெண்டு அறைதான் கேட்டேன்."

"உண்மையைச் சொல்லிக் கேட்டிருப்பீங்க" என்றது மயில், அனுதாபத்தோடு.

ஒப்பந்தம் கறையான்களுக்குப் போனது. அவை இரவு பகல் பாராமல் மண்ணைக் குழைத்து எழுப்பின. கறையான் கட்டினால் பாம்பு குடிபுகும் என்பார்கள். இங்கே ஒன்பதாம் வகுப்பு ஔ பிரிவு இரண்டு அறைகளில் குடிபுகுந்தது. பதினேழாவது அறைக்குக் கதவு மாட்டிய அன்று மதியம் மழை பிடித்தது. எழுபத்திரண்டு பேரும் ஜன்னல் வழியே நனைகிற புங்க மரத்தைப் பார்த்துக் கையாட்டினார்கள். பிறகு தெய்வானை இயற்கணிதத்தின் இரண்டாம் பாதியைத் தொடங்கியது. அந்தப் பக்கங்களைத் திறந்து வெகுநாள் ஆனதால் அதற்கே முதலில் கொஞ்சம் தடுமாறியது.

செண்பகாவுக்குத் தனி பெஞ்சு கிடைத்தது. தாத்தா சாவதை நிறுத்திவிட்டு, ஷேர் ஆட்டோ நிறுத்தத்தில் நிலக்கடலை விற்கத் தொடங்கினார். கதவுக்குப் பின்னால் இருந்த பட்டியல்கள் கிழிக்கப்பட்டன. ஏகாம்பரம் அவற்றையும் சேர்த்துக் கட்டி வைத்தது.

மறு வருடம் அதே படிவம் வந்தது. மரகதவல்லி இந்த முறை உள்ளதை உள்ளபடி எண்ணி, தொண்ணூற்றாறு சதவீதம் என்று மகிழ்ச்சியோடு எழுதியது. அன்று வயிறாரச் சாப்பிட்டது.

பத்தே நாளில் பதில் வந்தது. 'சென்ற ஆண்டு தொண்ணூற்றெட்டாக இருந்த வருகை இவ்வாண்டு இரண்டு சதவீதம் சரிந்தமைக்கு விளக்கம் கோரப்படுகிறது.'

யானை நெடுநேரம் யோசித்தது. பிறகு ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு எழுதச் சொன்னது: 'ஐயா, சென்ற ஆண்டு எங்கள் மாணவர்களின் தாத்தாக்கள் கடிதத்தில் மட்டுமே இறந்துவந்தார்கள். இவ்வாண்டு ஒன்றிரண்டு பேர் உண்மையாகவே இறந்துவிட்டபடியால் வருகை குறைந்துள்ளது எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

ஏகாம்பரம் எழுதி முடித்து, ஒரு முறை படித்துப் பார்த்தது. அதைக் கடிதக் கட்டுக்குள் சொருகிவிட்டு, டேப்பை எடுத்துத் தொண்ணூற்றெட்டு என்று திருத்தி அனுப்பியது.

நீதி: பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது. ஆகவே, பிள்ளைகளே, பொய்யை ஒருபோதும் வாயால் சொல்லாதீர்கள். படிவத்தில் எழுதி, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, சிங்கத்தின் வாயால் சொல்ல வையுங்கள். பதினேழு அறை கிடைக்கும்.